அணைத்த பின்னும் அணையாத மின்புலம்: ஒரு நெமாட்டிக் செல்லின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒளியியல் பயிற்சி ஆய்வகம் ஒன்றுக்கு மின்னழுத்தத்தால் மாற்றத்தக்க அலைத்தகடு ஒன்று, அதாவது ஒளியின் இரண்டு செங்குத்து முனைவாக்கங்களில் ஒன்றை மற்றதைவிடப் பின்தங்கச் செய்யும் தகடு, தேவைப்பட்டது. ஹீலியம்-நியான் லேசரின் 633 நானோமீட்டர் ஒளிக்கு ஒரே தகடு அரை அலைத்தகடாகவும் கால் அலைத்தகடாகவும் இயங்க வேண்டும். குமிழைத் திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். இரண்டு மாணவர்களும் ஒரு வழிகாட்டியும் கொண்ட குழு, விலைக்கு வாங்காமல் திரவப் படிகச் செல்லைத் தாங்களே செய்ய முடிவெடுத்தது. மின்புலம் ஒரு பொருளின் உள்ளமைப்பைத் திருப்புவதையும் அதனால் ஒளி மாறுவதையும் மாணவர்கள் நேரில் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த முடிவு சரியானதே.

தேர்ந்தெடுத்த பொருள் 5சிபி என்ற திரவப் படிகம். ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சயனோபைஃபீனைல் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சுமார் 24 டிகிரி செல்சியஸ் முதல் 35 டிகிரி வரை நெமாட்டிக் நிலையில் இருக்கும். அதாவது, மூலக்கூறுகள் திரவம்போல் நகர்ந்துகொண்டே சராசரியாக ஒரே திசையை நோக்கி நிற்கும். அந்தச் சராசரித் திசையை இங்கே நோக்குதிசை என்று குறிப்பிடுவோம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட மதிப்புகள் 25 டிகிரிக்கு உரியவை. நோக்குதிசைக்கு இணையான மின்காப்பு மாறிலி 18.5, செங்குத்தானது 6.5; வேறுபாடு நேர்க்குறியுடன் 12. நோக்குதிசை வளைவதை எதிர்க்கும் விரிவு மீள்மாறிலி 6.2 பைக்கோநியூட்டன். சுழற்சிப் பிசுப்புமை சுமார் 0.08 பாஸ்கல்-விநாடி. ஒளிவிலகல் எண்கள் 1.53, 1.71, எனவே இரட்டை ஒளிவிலகல் 0.18. வெளியான அளவீடுகளுக்கிடையே மின்காப்பு மாறிலியிலும் மீள்மாறிலியிலும் சில விழுக்காடு வேறுபாடு உண்டு. ஆகவே இவற்றிலிருந்து வரும் எந்தக் கணிப்பையும் மூன்றாம் இலக்கம் வரை நம்பக்கூடாது.

செல்லின் கட்டுமானம் வழக்கமானதே. ஒளி ஊடுருவும் மின்கடத்தியான இண்டியம் டின் ஆக்சைடு பூசிய இரண்டு கண்ணாடிகள். மின்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு 10 × 10 மில்லிமீட்டர். ஒவ்வொன்றின் மேலும் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள பாலிஇமைடு படலம், வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்க்கப்பட்டது. ஒட்டும்போது இரண்டின் தேய்ப்புத் திசைகளும் எதிரெதிராக அமைய வேண்டும். இடைவெளிக்கு 10 மைக்ரோமீட்டர் கண்ணாடி உருண்டைகள் புற ஊதா ஒளியில் இறுகும் பசையில் கலக்கப்பட்டன. 5சிபியை 40 டிகிரிக்குச் சூடாக்கி, சாதாரண திரவமாக இருக்கும்போதே நுண்புழை ஈர்ப்பால் உள்ளே இழுக்கவிட்டு, மெல்லக் குளிர்வித்தனர்.

நிரப்புவதற்கு முன் காலி செல்லின் இடைவெளியை அளந்தது அவர்கள் செய்த நல்ல காரியம். நிரப்பிய பிறகு ஒளிவிலகல் எண்கள் நெருங்கிவிடுவதால் குறுக்கீட்டு வரிகள் மங்கிவிடும். பிறகு அளக்க முடியாது. நிறமாலைமானியில் 626.5 நானோமீட்டரில் ஒரு உச்சமும், அதிலிருந்து எண்ணி ஆறாவது உச்சம் 522.0 நானோமீட்டரிலும் தெரிந்தன. இரண்டு அலைநீளங்களின் பெருக்கத்தை அவற்றின் வேறுபாட்டால் வகுத்து, உச்சங்களின் எண்ணிக்கையில் பாதியால், அதாவது மூன்றால், பெருக்கினால் 9.4 மைக்ரோமீட்டர் வருகிறது.

## செல்லுக்குள் நடந்திருக்க வேண்டியது

பாலிஇமைடை ஒட்டிய மூலக்கூறுகள் தேய்த்த திசையில் பிடிபட்டிருக்கும். மின்புலம் கண்ணாடிக்குச் செங்குத்தாக வரும்போது, மின்காப்பு வேறுபாடு நேர்க்குறியுடன் இருப்பதால், நோக்குதிசை புலத்தோடு சேர்ந்து எழ முயலும். சுவர்களின் பிடியும் மீள்தன்மையும் அதைத் தடுக்கும். மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை எதுவும் நடக்காது. தாண்டியதும் செல்லின் நடுப்பகுதி முதலில் சாயும், சுவர்கள் கடைசிவரை படுத்தே இருக்கும். 1920களின் பிற்பகுதியில் காந்தப் புலத்தில் இதைக் கண்டறிந்த ஃபிரெடெரிக்ஸின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

அந்தத் தொடக்க மின்னழுத்தம், மீள்மாறிலியை மின்காப்பு வேறுபாட்டாலும் வெற்றிட மின்காப்பு மாறிலியாலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். மேலே உள்ள மதிப்புகளுக்கு 0.76 வோல்ட். இதில் செல்லின் தடிமன் எங்கும் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். தடிமன் கூடினால் தேவையான புலம் குறையும், ஆனால் வோல்ட் மாறாது.

இன்னொரு முக்கியமான செய்தி: நோக்குதிசைக்கு முன், பின் என்ற வேறுபாடு கிடையாது. எனவே அது உணர்வது புலத்தின் வர்க்கத்தை. நேர், எதிர் எதுவானாலும் சாய்வு ஒன்றே. கிலோஹெர்ட்ஸ் அளவில் புலம் மாறினால் மூலக்கூறுகளால் பின்தொடர முடியாது; ஆர்எம்எஸ் மதிப்புக்கு, அதாவது வர்க்கச் சராசரியின் வர்க்கமூலத்துக்கு, ஏற்பச் சாய்ந்து நிற்கும்.

ஒளியியல் பக்கம் பார்த்தால், படுத்திருக்கும் செல்லின் ஒளிப்பாதை வேறுபாடு 0.18 × 9.4 = 1.69 மைக்ரோமீட்டர். 633 நானோமீட்டருக்கு இது 2.67 அலைகள். குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு இடையே தேய்ப்புத் திசை 45 டிகிரியில் இருந்தால், வெளிவரும் ஒளிச்செறிவு கட்ட வேறுபாட்டின் பாதியின் சைன் வர்க்கம். மின்னழுத்தத்தை உயர்த்த உயர்த்த 2.67 அலை சுருங்கிக்கொண்டே வரும். 2.5, 1.5, 0.5 அலைகளில் மூன்று உச்சங்கள். 2, 1 அலைகளில் இரண்டு இருள்கள். அரை அலைத்தகடு வேண்டுமென்றால் கடைசி உச்சம். கால் அலைத்தகடு வேண்டுமென்றால் அதையும் தாண்டி, செறிவு பாதியாகக் குறையும் இடம்.

## முதல் அளவீடுகளில் தெரிந்தவை

இயக்கும் சுற்று எளிமையானது. மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று 0 முதல் 5 வோல்ட் வரை அளவு மாற்றத்தக்க மின்னழுத்தத்தைத் தரும்; ஒரு அனலாக் சுவிட்ச் 1 கிலோஹெர்ட்ஸில் செல்லின் ஒரு மின்முனையை அந்த மின்னழுத்தத்துக்கும் தரைக்கும் மாற்றி மாற்றி இணைக்கும். மற்ற மின்முனை நிரந்தரமாகத் தரையில். ஆக, செல்லுக்குக் கிடைத்தது 0-க்கும் வைத்த மதிப்புக்கும் இடையே தாவும் சதுர அலை. பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே என்பதால், வைத்த மதிப்பை √2-ஆல் வகுத்து ஆர்எம்எஸ் என்று குழு பதிவு செய்தது. சூத்திரம் சரி. இந்தச் செல்லுக்கு அதைப் பயன்படுத்தியதில்தான் சிக்கல் இருந்தது.

நான்கு விஷயங்கள் கணிப்போடு ஒட்டவில்லை.

சுற்றில் 1.56 வோல்ட் வைக்கும்வரை செல் அசையவில்லை. குழுவின் கணக்கில் அது 1.10 வோல்ட் ஆர்எம்எஸ். எதிர்பார்த்த 0.76-ஐவிட 45 விழுக்காடு அதிகம்.

கடைசி உச்சம், அதாவது அரை அலை, 4.6 வோல்ட்டில்தான் வந்தது. சுற்றின் முழு வீச்சான 5 வோல்ட்டிலும் கால் அலை எட்டவில்லை; சுமார் 0.46 அலையில் நின்றது.

மின்னழுத்தத்தைத் திடீரென 2 வோல்ட்டுக்கு உயர்த்தினால், ஒளிச்செறிவு வேகமாக ஒரு நிலைக்குப் போய், பிறகு ஐந்தாறு விநாடிகளில் மெல்லப் பின்வாங்கியது. அளவைக் குறித்துக்கொள்ள எந்த விநாடியில் பார்ப்பது என்பதே தகராறாகிவிட்டது. இரண்டு மாணவர்களும் ஒரே செல்லில் எடுத்த வரைபடங்கள் பொருந்தாமல் போனதற்கு இதுதான் காரணம்: ஒருவர் உடனே படித்தார், மற்றவர் நிலைக்கும்வரை காத்திருந்தார்.

நான்காவது விந்தையானது. 5 வோல்ட்டில் சில நிமிடம் வைத்துவிட்டு இரண்டு மின்முனைகளையும் தரையோடு இணைத்தால், ஒளிச்செறிவில் உடனடி மாற்றம் எதுவும் இல்லை. இரண்டு விநாடிக்கு மேல் செல் சாய்ந்தே இருந்தது. அதற்குள் உச்சங்களையும் இருள்களையும் ஒவ்வொன்றாக மெல்லக் கடந்து, பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பியது.

## சோதித்துக் கைவிட்ட விளக்கங்கள்

முதலில் இடைவெளியின் மேல் சந்தேகம் விழுந்தது. உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளி பெரிதாகிவிட்டதோ என்று ஒரு மாணவர் கேட்டார். தொடக்க மின்னழுத்தம் தடிமனைச் சார்ந்தது அல்ல என்பதால் இது அப்போதே விழுந்துவிட்டது. இடைவெளி அளவீடும் கையில் இருந்தது.

அடுத்து வெப்பநிலை. லேசருக்கும் விளக்குக்கும் அருகில் செல் சூடாகிறதா என்று கண்ணாடியில் வெப்ப இரட்டை ஒட்டிப் பார்த்ததில் 25.5 டிகிரி. சூடானாலும் விளைவு எதிர்த்திசையில் இருந்திருக்கும். மூலக்கூறுகள் எவ்வளவு ஒரே திசையில் நிற்கின்றன என்பதைக் காட்டும் எண் ஒழுங்கு அளவு. மீள்மாறிலி அதன் வர்க்கத்தோடும், மின்காப்பு வேறுபாடு ஏறக்குறைய அதனோடும் மாறும். ஆக, தொடக்க மின்னழுத்தம் 35 டிகிரியை நெருங்க நெருங்க இறங்கும், ஏறாது.

பிறகு சீரமைப்பு. சுவரின் பிடி தளர்ந்திருந்தால்? அதுவும் தொடக்க மின்னழுத்தத்தைக் குறைக்கும். மூலக்கூறுகள் சுவரில் ஏற்கெனவே ஓரிரு டிகிரி எழும்பி நின்றால் (இதுவே முன்சாய்வு) தொடக்கம் மழுங்கி, கீழிருந்தே மெல்ல ஆரம்பிக்கும்.

வழிகாட்டி இந்த இடத்தில் பட்டியலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். இந்த நிகழ்வின் திருப்பம் அதுதான். செல் செய்வதில் வழக்கமாக வரும் பிழைகளான சூடு, தளர்ந்த பிடி, முன்சாய்வு எல்லாமே தொடக்க மின்னழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. இங்கே அது மேலே போயிருக்கிறது. பொருள் வேறாக இருந்தாலொழிய, மேலே தள்ளுவது ஒன்றே ஒன்றுதான்: கொடுக்கும் மின்னழுத்தம் முழுவதும் திரவப் படிகத்தைச் சென்று சேரவில்லை.

## காலம் காட்டிய தடயம்

நோக்குதிசை தானாகத் தளர எவ்வளவு நேரம் ஆகும் என்பது கணக்கிடக்கூடியது. பிசுப்புமையைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, மீள்மாறிலியாலும் பை வர்க்கத்தாலும் வகுத்தால் 0.115 விநாடி. மின்னழுத்தம் ஏற்றும்போது இன்னும் வேகம்: தொடக்க மதிப்பின் இரு மடங்கில் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். எனவே ஐந்து விநாடி நகர்வும், அணைத்த பின் இரண்டு விநாடித் தாமதமும் மூலக்கூறுகள் சுழல்வதால் வருபவை அல்ல. வேறு எதுவோ மெதுவாக நகர்கிறது. நோக்குதிசை அதை உடனுக்குடன் பின்பற்றுகிறது. நெமாட்டிக் செல்லில் அவ்வளவு மெதுவாக நகர்வது அயனிகளே.

இப்போது அந்தச் சதுர அலையை மறுபடி பார்க்கலாம். 0-க்கும் 5-க்கும் இடையே தாவும் அலை என்பது 2.5 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்த ±2.5 வோல்ட் சதுர அலைதான். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.54, குழு எழுதிய அதே எண். ஆனால் செல்லுக்குள் இந்த இரண்டு பகுதிகளும் ஒரே மாதிரி பங்கிடப்படுவதில்லை.

மாறுதிசைப் பகுதி மின்தேக்குதிறன்களின்படி பிரியும். பாலிஇமைடின் மின்காப்பு மாறிலி 3.5 என்று கொண்டால், இரண்டு படலங்களுக்கும் சேர்த்து 200-ஐ 3.5-ஆல் வகுக்க 57. திரவப் படிகத்துக்கு 9400-ஐ 6.5-ஆல் வகுக்க 1446. படலங்களில் போவது 4 விழுக்காடுதான். மூலக்கூறுகள் எழுந்து மின்காப்பு மாறிலி கூடியதும் அது 10 விழுக்காடு வரை உயரும்.

நேர்திசைப் பகுதி மின்தடைகளின்படி பிரியும். அங்கே கதையே வேறு. பாலிஇமைடு மிகச் சிறந்த மின்காப்பான். திரவப் படிகத்திலோ கொஞ்சம் அயனிகள் எப்போதும் உண்டு. அவை எதிர்க்குறி மின்முனையை நோக்கி நகர்ந்து படலத்தின் மேல் குவிகின்றன. குவியும் மின்னூட்டம் உள்ளே இருக்கும் நேர்திசைப் புலத்தை எதிர்த்து, இறுதியில் அதை அழித்துவிடுகிறது. 2.5 வோல்ட் நேர்திசை முழுவதும் படலங்களில் போய் விழுகிறது. திரவப் படிகத்துக்கு மிஞ்சுவது மாறுதிசைப் பகுதி மட்டும், அதாவது வைத்த மதிப்பில் பாதி.

இந்தக் கருதுகோள் நான்கு விந்தைகளையும் ஒரே வீச்சில் விளக்குகிறது. 1.56-இல் பாதி 0.78: படலங்களின் 4 விழுக்காட்டைச் சேர்த்தால் எதிர்பார்க்க வேண்டியது 0.79. முழு வீச்சில் உள்ளே செல்வது 2.5 வோல்ட்தான் என்பதால் கால் அலை எட்டவில்லை. உயர்த்தியவுடன் இரண்டு பகுதிகளும் சேர்ந்த முழு ஆர்எம்எஸ் மதிப்புக்கு ஏற்பச் சாய்ந்து, அயனிகள் திரையிட்டதும் பின்வாங்குகிறது.

அணைத்தவுடன் ஏன் எதுவும் மாறவில்லை? மின்முனைகளை இணைத்ததும் வெளி மின்னழுத்தம் பூச்சியம். ஆனால் படலங்களில் சேர்ந்த 2.5 வோல்ட் அப்படியே இருக்கிறது. அதற்கு ஈடாகத் திரவப் படிகத்தின் குறுக்கே எதிர்த்திசையில் 2.5 வோல்ட் தோன்றுகிறது. சற்றுமுன் ±2.5 சதுர அலை, இப்போது −2.5 நேர்திசை. வர்க்கம் ஒன்றே, எனவே நோக்குதிசைக்கு வேறுபாடே தெரியாது. அயனிகள் கலையக் கலைய செல் மெல்லத் தளரும்; அந்த மின்னழுத்தம் 0.78-க்குக் கீழே இறங்கினால்தான் முழுதாகப் படுக்கும். கலைவின் கால மாறிலி 2 விநாடி என்றால் அதற்கு 2.3 விநாடி ஆகும். அளந்ததும் ஏறக்குறைய அதுவே.

கருதுகோளோடு நிற்காமல் குழு ஒரு எண்ணைத் தேடியது. 2.0 வோல்ட் வைத்து, 0.25 விநாடியிலும் 0.5 விநாடியிலும் இருந்த ஒளிப்பாதை வேறுபாட்டைக் குறித்தனர். பிறகு, அதே வேறுபாடு நிலைத்த நிலையில் எந்த மின்னழுத்தத்தில் வருகிறது என்று தேடினர். முறையே 2.65, 2.55 வோல்ட். இதை நேரம் பூச்சியத்துக்கு நீட்டினால் 2.8. இந்த 2.8-க்கும் வைத்த 2.0-க்கும் விகிதம் 1.4. நேர்திசைப் பகுதி தொடக்கத்தில் முழுதாக இருந்து பிறகு முழுதாக மறைந்தால் வர வேண்டிய விகிதம் √2. வேறு எந்த விளக்கமும் இந்த எண்ணைத் தந்திருக்காது.

நகர்வின் கால மாறிலியான 2 விநாடியிலிருந்து இன்னொரு தகவலும் கிடைத்தது. இரண்டு படலங்களும் தொடராக 15.5 நானோஃபாரட், அது 2 விநாடியில் மின்னேற வேண்டுமென்றால் திரவப் படிகத்தின் மின்தடை சுமார் 130 மெகாஓம், தன்மின்தடை 1.4×10⁹ ஓம்-மீட்டர். 5சிபிக்கு இது மோசமான தூய்மை அல்ல. பொருளைக் குறை சொல்ல இடமில்லை என்பது இதனால் உறுதியானது.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் வந்த யோசனை, செல்லுக்குத் தொடராக 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி ஒன்றும், செல்லுக்குக் குறுக்கே மின்தடை ஒன்றும் போடுவது. செல்லின் மின்தேக்குதிறன் படுத்த நிலையில் 0.6 நானோஃபாரட், முழுக்க எழுந்தாலும் 1.8-க்குள்தான், ஆகவே மாறுதிசையில் இழப்பு எதுவும் இராது, நேர்திசை முழுவதும் மின்தேக்கியில் தங்கிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அப்போதும் செல்லுக்குக் கிடைப்பது அதிகபட்சம் ±2.5 வோல்ட், கால் அலை எட்டாது. அதனால் இதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தினர். மின்தேக்கி போட்டவுடன் நகர்வு மறைந்தது, கருதுகோள் உறுதிப்பட்டது.

நிலையான தீர்வுக்கு இரண்டு அனலாக் சுவிட்சுகள். முதல் அரைச்சுற்றில் ஒரு மின்முனை மின்னழுத்தத்திலும் மற்றது தரையிலும் இருக்கும். அடுத்த அரைச்சுற்றில் இடம் மாறும். ஒரே 5 வோல்ட் மூலத்திலிருந்து ±5 வோல்ட் சதுர அலை கிடைக்கிறது. இதன் ஆர்எம்எஸ் மதிப்பு வைத்த மதிப்பேதான், எந்த வகுத்தலும் தேவையில்லை.

அதிர்வெண்ணை 1 கிலோஹெர்ட்ஸிலேயே விட்டனர். கீழே போனால் அயனிகள் அரைச்சுற்றுக்குள்ளேயே நகரத் தொடங்கும். இந்தத் தூய்மைக்கு எல்லை சில ஹெர்ட்ஸ்தான் என்றாலும், பழைய செல்களில் தன்மின்தடை பத்தில் ஒன்றாகக் குறைந்து அந்த எல்லை பல ஹெர்ட்ஸுக்கு ஏறும். மிகமிக மேலே போனால் மின்முனைப் படலத்தின் மின்தடை குறுக்கிடும். அதையும் தாண்டி மெகாஹெர்ட்ஸ் அளவில் 5சிபியின் மின்காப்பு மாறிலியே குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே 1 கிலோஹெர்ட்ஸ் பத்திரமான இடம்.

## திருத்தத்துக்குப் பின்

புதிய சுற்றில் முதல் ஓட்டம் நன்றாக இருந்தது, முழுக்க நன்றாக இல்லை. பெரிய நகர்வு போய்விட்டது. ஆனால் 5 வோல்ட்டில் ஒரு மணிநேரம் வைத்த பிறகு செல்லில் லேசான எச்சம் தெரிந்தது. ஒளிச்செறிவைக் குறைந்த அதிர்வெண்ணில் பார்ப்பது இதற்குக் கூர்மையான சோதனை. 30 ஹெர்ட்ஸில் ஓட்டினால், நேர்திசை இல்லாத செல்லின் ஒளி 60 ஹெர்ட்ஸில் மட்டுமே துடிக்கும், ஏனெனில் நேர், எதிர் அரைச்சுற்றுகள் சமம். நேர்திசை கலந்திருந்தால் இரண்டு அரைச்சுற்றுகளும் சமமாகாமல் 30 ஹெர்ட்ஸ் துடிப்பு தலைகாட்டும். இங்கே அது தலைகாட்டியது.

மின்முனைகளுக்கிடையே 100 கிலோஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டி போட்டு, பேட்டரியில் இயங்கும் மல்டிமீட்டரால் அளந்ததில் 80 மில்லிவோல்ட் நேர்திசை. காரணம் மென்பொருள்: சுவிட்சுகளை மாற்றும் இன்டரப்ட் நிரல் இரண்டு அரைச்சுற்றுகளுக்கும் சம நேரம் தரவில்லை. 49.2-க்கு 50.8 விழுக்காடு. 5 வோல்ட்டில் இந்த 1.6 விழுக்காட்டு வேறுபாடே 80 மில்லிவோல்ட். மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு எடுத்து, ஒரு ஃபிளிப்-ஃபிளாப் கொண்டு இரண்டால் வகுத்ததும் அரைச்சுற்றுகள் சமமாயின. மீதி 5 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கியது. 30 ஹெர்ட்ஸ் துடிப்பும் இரைச்சலுக்குள் மறைந்தது.

இதன் பின் தொடக்க மின்னழுத்தம் 0.78 வோல்ட். 0.6 வோல்ட்டிலிருந்தே சிறு அசைவு தெரிந்தது. அது பாலிஇமைடு தரும் ஓரிரு டிகிரி முன்சாய்வின் விளைவு. வரைபடத்தின் நேரான பகுதியைப் பின்னோக்கி நீட்டி எடுத்த மதிப்புதான் 0.78. கணிப்பான 0.79-ஓடு இவ்வளவு நெருக்கமாக வந்ததில் மயங்க வேண்டாம். உள்ளீட்டு மதிப்புகளின் ஐயமே அதைவிடப் பெரிது. அரை அலை 2.3 வோல்ட்டிலும் கால் அலை 4.2 வோல்ட்டிலும் வந்தன. பத்து நிமிடம் காத்திருந்தாலும் எண்கள் நகரவில்லை. இரண்டு மாணவர்களின் வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

ஒளிச்செறிவிலிருந்து ஒளிப்பாதை வேறுபாட்டைப் பிரிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. சைன் வர்க்கம் மட்டும் பார்த்தால் 2.67 அலையா 2.33 அலையா என்று தெரியாது. முன்பு பூச்சிய வோல்ட்டிலிருந்து எண்ணினார்கள், தடிமன் அளவீட்டை நம்பி. இப்போது மேல்முனையிலிருந்து எண்ணுகிறார்கள்: 5 வோல்ட்டில் மிச்சம் கால் அலைக்கும் குறைவு என்பது ஐயமற்றது, அங்கிருந்து இறங்கினால் ஒவ்வொரு உச்சத்துக்கும் எண் தானாகக் கிடைக்கிறது. மேல்முனையில் மிச்சம் ஒருபோதும் பூச்சியமாகாது. சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு எவ்வளவு புலத்திலும் படுத்தே இருக்கும்.

## மூன்றாவது செல்லில் தெரிந்த கோடுகள்

சுற்று சரியான பின் மூன்று செல்கள் ஓட்டப்பட்டன. முதல் இரண்டும் ஒத்துப்போயின. மூன்றாவதில் தொடக்க மின்னழுத்தம் சரியாக இருந்தும், உச்சங்களின் உயரம் குறைந்து, இருள்கள் முழுதாக இருளாமல் போயின. நுண்ணோக்கியில் பார்த்தால், தொடக்கத்தைத் தாண்டியதும் பரப்பு தீவுகளாகப் பிரிந்து, இடையே மெல்லிய வளைந்த கோடுகள் ஓடின. தீவுகளுக்குள் நிறம் ஒன்றே. கோடுகளில் மட்டும் ஒளி சிதறியது. சிறு தீவுகள் நிமிடக்கணக்கில் சுருங்கி மறைந்தன. மின்னழுத்தத்தை அணைத்துப் போட்டால் புதிய இடங்களில் மறுபடி தோன்றின.

மேடையில் செல்லைத் தேய்ப்புத் திசைக்குச் செங்குத்தான அச்சில் 15 டிகிரி சாய்த்ததும் விடை தெரிந்தது. அடுத்தடுத்த தீவுகளில் ஒன்றின் நிறம் மேல் வரிசைக்கும் மற்றதன் நிறம் கீழ் வரிசைக்கும் நகர்ந்தது. ஒரு தீவில் மூலக்கூறுகள் வலப்பக்கமாக எழுந்திருக்கின்றன, அடுத்ததில் இடப்பக்கமாக. நேராகப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிவது, ஒளிக்கும் சாய்வின் குறி தெரியாததால்.

புலம் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்று சொல்வதில்லை. அதைச் சொல்வது சுவரின் முன்சாய்வு. தேய்ப்புத் திசைகள் எதிரெதிராக இருந்தால் இரண்டு சுவர்களின் முன்சாய்வும் ஒரே பக்கம் சேர்ந்து செல்லின் நடுவுக்கு ஒரு விருப்பத்தைக் கொடுக்கும். இந்தச் செல்லை ஒட்டும்போது ஒரு கண்ணாடி திருப்பி வைக்கப்பட்டு, தேய்ப்புகள் ஒரே திசையில் அமைந்துவிட்டன. முன்சாய்வுகள் நடுவில் ஒன்றையொன்று ஈடுசெய்ய, வலமா இடமா என்பது தற்செயலுக்கு விடப்பட்டது. இதே அமைப்பை வேகமான பை-செல்களில் வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள், ஆனால் அங்கே நோக்குதிசை முழுவதும் வளைந்த வேறொரு நிலைக்குக் கொண்டுபோய் இயக்கப்படும். அலைத்தகட்டுக்கு இது உதவாது. சூடாக்கிக் குளிர்வித்தாலும் சுவர்கள் மாறப்போவதில்லை என்பதால் செல் கைவிடப்பட்டு, நான்காவது ஒன்று செய்யப்பட்டது.

## இனி மாற்றுபவை

தேய்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கண்ணாடியின் ஒரு மூலையும் வெட்டப்படுகிறது, தேய்ப்பு முடியும் பக்கத்தில். ஒட்டும்போது வெட்டிய மூலைகள் எதிரெதிர் முனைகளில் இருந்தால்தான் பசை இறுக்கப்படும். பேனாவில் இடும் அம்புக்குறி கரைப்பான் பட்டு அழிந்துபோகும்.

சுற்றைச் செல்லோடு இணைக்குமுன் இரண்டு அளவீடுகள் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன: வடிகட்டி வழியே நேர்திசை, மல்டிமீட்டரின் மாறுதிசை நிலையில் ஆர்எம்எஸ். இந்த நிகழ்வில் மல்டிமீட்டரை மாறுதிசையில் வைத்து ஒருமுறை பார்த்திருந்தாலே 1.56-க்குப் பதில் 0.78 தெரிந்திருக்கும், அந்த நிலையில் மீட்டர் நேர்திசைப் பகுதியை விட்டுவிடும், திரையிட்ட திரவப் படிகம் செய்வதைப் போலவே. நேர்திசை 10 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் செல் இணைக்கப்படாது. உள்ளே திரையிடப்பட்டுவிடும் என்பதால் அது தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. நீண்ட நேரத்தில் மின்முனைகளில் வேதிவினைகள் நடந்து புதிய அயனிகள் பிறக்கும், செல்லின் தன்மின்தடை வாராவாரம் இறங்கும்.

ஒவ்வொரு புதிய செல்லுக்கும் முதல் சோதனை இப்போது தொடக்க மின்னழுத்தம் அல்ல, ஒரு படிநிலை மாற்றம்: பூச்சியத்திலிருந்து 2 வோல்ட்டுக்கு உயர்த்தி, பத்து விநாடி பார்த்து, இறக்கி, இன்னொரு பத்து விநாடி பார்ப்பது. ஒளிச்செறிவு அரை விநாடிக்குள் நின்றுவிட்டால் வரைபடம் எடுக்கலாம். அதற்குப் பிறகும் நகர்ந்தால், நேர்திசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். பயன்படுத்தாத செல்கள் மின்முனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட நிலையில், வெளிச்சம் படாத பெட்டியில் வைக்கப்படுகின்றன.